ஊளையிடும் லேண்ட்மாஸ்டர்

"நானா, இதைப் பழையபடி பழுதாக்கித் தாங்கோ."

சஜீத் ஸ்பேனரைக் கீழே வைத்தான். மூதூரில் பழைய கலப்பை, தண்ணிப்பம்பி, உழவு மெஷின் எல்லாம் வாங்கித் திருத்தி விற்கிறவன் அவன். பழுதாக்கச் சொல்லி வந்த முதல் ஆள் இந்த ஜதுசன்தான்.

ஈச்சிலம்பற்றுப் பெடியன். சேட்டு கொழுவிய தடி மாதிரி மெலிந்து இருந்தான். போன மாதம் இந்த இரண்டு சில்லு உழவு மெஷினை, லேண்ட்மாஸ்டரை, கைப்பிடியில் சுற்றியிருந்த சைக்கிள் டியூபை வைத்து, "இது எங்கட அண்ணன்ட" என்று அடையாளம் பிடித்து வாங்கிப் போனவன். அண்ணன் சஞ்சீவன் வெருகல் ஆற்று வெள்ளத்தில் போனபிறகு, பார்க்க ஏலாமல் அதைப் பழைய இரும்புக்கு விற்றதும் அவனேதான்.

"'பழுதாக்கித் தாங்கோ நானா!'" சஜீத் அவனைப் போலவே மூக்கால் இழுத்தான். ஆர் கதைத்தாலும் திருப்பிக் கதைத்துக் காட்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. "ஏன்டா, என்ட வேலையில என்ன குறை? பூனை மாதிரிப் போகுதே!"

"அதுதான் குறை. முன்னம் ஒரு சத்தம் இருந்தது."

"இதா? டுப் டுப் டுப்… ஊஊஊ…"

ஜதுசனின் முகம் வெளுத்துப்போனது. "அதேதான்."

சைலன்சர் ஓட்டையை ஒரு டின்பால் பேணியால் மூடிக் கட்டியிருந்தான் சஞ்சீவன். புகை அதற்குள்ளால் போகும்போது ஆள் அழுகிற மாதிரி ஓர் ஊளை. சஜீத் பேணியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புது சைலன்சர் போட்டிருந்தான்.

"அம்மா பொழுதுபட்டா வேலிப் படலையில போய் நிக்கிறா. 'பெரியவன் வரட்டும், சாப்பிடுவம்' எண்டு. நான் இதில போனா, 'இது வேற ஆரின்டயோ மெஷின்' எண்டுறா. சோறு தொடுறாவில்ல."

தேத்தண்ணி கொண்டுவந்த லைலா புருஷனை முறைத்தாள். "செத்த பிள்ளை வாறான் எண்டு ஒரு தாயை ஏமாத்தப் போறீங்களா? அல்லாக்குப் பொறுக்குமா?"

அவளைப் போலக் கதைத்துக் காட்ட அன்றைக்கு மட்டும் சஜீத்துக்கு வாய் வரவில்லை. போய்ப் பழைய இரும்புக் குவியலைக் கிளறினான். பேணி அகப்பட்டது. ஜதுசனின் தேத்தண்ணி தொடாமல் ஆறிக் கிடந்தது.

பின்னேரம், திரும்பப் பேணி கட்டின மெஷினில் சஜீத்தும் கூடவே போனான்.

ஊருக்குள் இறங்கியதும் ஊளை வயலெல்லாம் பரவியது. நாய்கள் குரைக்கவில்லை, வாலை ஒடுக்கிக்கொண்டு வேலிக்குள் பூந்தன. ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் விளக்கு நூர்ந்து இருண்டது. மெஷினுக்குப் பின்னால் கொழுவியிருந்த பெட்டியில் ஆரோ ஏறிக் குந்தின மாதிரி இருந்தது சஜீத்துக்கு. திரும்பிப் பார்க்கவில்லை.

படலையில் ஜதுசனின் அம்மா சீதேவி நின்றாள்.

"வந்திட்டியா பெரியவன்?"

ஜதுசனைப் பார்த்து அல்ல. அவனுக்குப் பின்னால், ஒருவரும் இல்லாத இடத்தைப் பார்த்து.

உள்ளே வெறும் கதிரைக்கு முன்னால் ஒரு சாப்பாட்டுக் கோப்பை வைத்துச் சோறு போட்டாள். கதிரைப் பக்கம் காதைக் கொடுத்தாள். தலையாட்டினாள்.

"ஓமோம், சொல்லுறன். டேய் சின்னவன், அண்ணனுக்கு உன்னில கோவம் இல்லையாம். உன்ட இடத்தில தான் இருந்தாலும் வித்திருப்பாராம். குந்து, உன்னையும் சாப்பிடச் சொல்லுறார்."

ஜதுசன் குந்தினான். அழுதழுது, மூன்று தரம் சோறு வாங்கித் தின்றான். கை கழுவக் கிணற்றடிக்குப் போனான்.

சஜீத் வெறும் கதிரையை விட்டுத் தள்ளி நின்றான். "அம்மா… அவர் இன்னும் இந்தக் கதிரையிலயா இரிக்கிறார்?"

சீதேவி வெறும் கதிரைக்கு முன்னால் இருந்த சோற்றை அள்ளிப் பானைக்குள் போட்டாள்.

"செத்தவன் வருவானா, மனே? அண்ணன்ட மெஷினை வித்துப்போட்டன் எண்டு சின்னவன் சோறு தண்ணி இல்லாமக் கிடந்தான். நான் புத்தி பிசகின விசரியானாத்தான் அவன் சாப்பிடுறான்."