ஆபத்து விளக்கு

மெழுகு கொதித்தாலும், தரை ஈரமானாலும், ஹேர் டை நெடி ஏறினாலும் பார்லர் சுவரிலுள்ள ஆபத்து விளக்கு எரியும். காரணத்தைச் சரிசெய்தால்தான் அணையும்.

கல்யாணப்பெண் வைதேகிக்கு ஒரு புருவம்தான் முடிந்திருந்தது. மாப்பிள்ளை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். "இன்னுமா முடியல?"

விளக்கு எரிந்தது.

பியூட்டிஷியன் பிலோமி பல்லில் கடித்திருந்த நூலை விட்டாள். மெழுகு அடுப்பை நிறுத்தினாள், தரையைத் துடைத்தாள், டை கிண்ணத்தை மூடினாள். விளக்கு அணையவில்லை.

"ரிப்பேர் போல. தம்பி, இது லேடீஸ் பார்லர், வெளியே நில்லுங்க."

அவன் வெளியே போய்க் கதவை மூடியதும் விளக்கு அணைந்தது. கண்ணாடியில் இருவருமே அதைப் பார்த்தார்கள். பிலோமி மறுபடி நூலை எடுத்தாள்.

வைதேகி அவள் கையைப் பிடித்தாள். "புருவம் இருக்கட்டும்க்கா. முதல்ல கதவை உள்பக்கமா பூட்டுங்க. அப்பாவுக்கு போன் பண்ணணும்."