மாதாவுக்கு ஆவாரம்பூ

ராயபுரம் ரயில்வே குடியிருப்பின் பின்முற்றத்தில் உச்சி வெயில் கொளுத்துகிறது. இந்தக் கோடையில் குழாய்த் தண்ணீர் குடிக்கவே போதவில்லை. மாமியார் அடைக்கலமேரி மாதாவுக்கென்று வளர்த்த ரோஜா, தொட்டியிலேயே சுள்ளியாகிவிட்டது. மருமகள் ஃப்ளோரா விதை போட்ட ஆவாரஞ்செடியோ, இலையெல்லாம் எஞ்சின் கரி படிந்தும், கிளை தாழ மஞ்சளாய்ப் பூத்திருக்கிறது. அடைக்கலமேரி அரிவாளை நீட்டுகிறாள். "பொறம்போக்குச் செடி என் வூட்டுல இன்னாத்துக்கு? நீயே வெட்டு!" "வெட்டறேன் அத்த." ஃப்ளோரா ஒரே ஒரு பூங்கொத்தை வெட்டி, மாடத்திலிருக்கும் மாதாவின் காலடியில் வைக்கிறாள். "மாதா பத்து நாளா பூ இல்லாம நிக்கறாங்க. உங்க ரோஜா இன்னா பண்ணுது?" ஃப்ளோரா அதே அரிவாள் முனையால் ரோஜாத் தொட்டியின் மண்ணைக் கிளறி, முந்தானையில் முடிந்து வைத்த ஆவார விதைகளை ஒவ்வொன்றாக ஊன்றுகிறாள்.