கழுவி வந்த டப்பா

“கேட்டைத் திறக்காதே. அந்த ஆளுக்கு ஒரு பருக்கைகூடப் போடாதே” என்று கிசுகிசுத்துவிட்டு, பூபாலன் படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

ரேவதியால் புருஷன் பேச்சை நம்பவே முடியவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். ஒரு கால் வளைந்திருந்தது, சட்டையில் பாதிப் பொத்தான்கள் இல்லை. பசிக்கிறது என்பதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

கோவில்பதாகைக்குக் குடிவந்த நாளிலிருந்து, பசியென்று வந்த யாரையும் அவள் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. சென்ட்ரல் வந்துவிட்டது என்று நினைத்து ஆவடியிலேயே இறங்கிவிட்ட வடநாட்டு ஆள் ஒருவன், அவள் புளிக்குழம்பை வாயில் வைத்ததும் கண் கலங்கினான். அம்மா ஞாபகம் வந்துவிட்டது போல என்று உருகிப்போய் இன்னொரு கரண்டி ஊற்றினாள். குடை ரிப்பேர்காரர் ஒருவர், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறேன் என்று வாங்கிப்போன பொட்டலம் மறுநாள் பக்கத்து வீட்டு மதில்மேல் பிரிக்காமல் இருந்தது. மறதிக்காரர், பாவம் என்றாள்.

இதில் அவளுக்கு ஒரே ஒரு மனக்குறைதான். சாப்பிட்டுப் போனவர்களில் ஒருவர்கூட இரண்டாம் முறை வந்ததில்லை. நன்றி கெட்ட ஜனங்கள் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? கல்லூரிக்குப் போகும் மகள் ரோஷினி, குழம்பில் போட அம்மா வெல்லக்கட்டியை எடுப்பதைப் பார்த்தாலே போனை எடுத்து வெளியே ஆர்டர் போட்டுவிடுவாள். “உங்கப்பா இருக்கிற வரைக்கும் எனக்கு என்னடி கவலை” என்பாள் ரேவதி.

பூபாலன் பேக்டரிக்குக் கொண்டுபோகும் டப்பா, அவள் கல்யாணத்துக்கு அம்மா வைத்த சீர். மூடியில் பெயர்கூட வெட்டியிருக்கும். அது ஒரு நாளும் மிச்சம் மீதியோடு திரும்பியதில்லை, கழுவித் துடைத்துப் பளபளவென்று வரும். மனிதர் வாய் திறந்து நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லைதான். கழுத்துத் தாலிக்கு அடுத்தபடி அவள் நம்பியது அந்தக் காலி டப்பாவைத்தான்.

அப்படிப்பட்டவரா இப்படிப் பேசுகிறார்? அறைக் கதவைத் தட்டினாள்.

“என்னங்க, பசின்னு வந்தவரை விரட்டச் சொல்றீங்களே. நீங்களா இது?”

“சொன்னா கேளு ரேவதி. குழம்பு தீந்துபோச்சுன்னு சொல்லி அனுப்பு. வேணும்னா கடையில பன்னு வாங்கிக் குடு.”

அடுப்பில் ஒரு சட்டிக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, பொய் வேறு சொல்ல வேண்டுமாம். அவளுக்கு நெஞ்சு எரிந்தது. கூடவே வாழ்ந்த மனிதருக்கு மனசில் இவ்வளவுகூட ஈரமில்லை என்பது தெரியாமல் இத்தனை வருஷமும் ஏமாந்திருக்கிறோமே என்று அழுகை வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் கேட்டைத் திறந்தாள்.

வந்தவர் பெயர் துலுக்கானம். மீன்பாடி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர், காலில் லாரி ஏறியதிலிருந்து வேலை இல்லை. பேக்டரி வாசலில் உட்கார்ந்திருப்பாராம். சேர்ந்தாற்போல் லீவு வந்துவிட்டதால் அங்கே ஈ காக்கை இல்லை, அதனால் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

போர்டிகோவில் இலை போட்டுச் சோறு வைத்து, ஆவி பறக்கும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பை ஊற்றினாள். முதல் கவளத்தை வாயில் வைத்தவர் அப்படியே நிறுத்தினார். இலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இவருக்கும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது போல என்று நினைத்தாள்.

“கொஞ்சம் மோரு இருக்குதா தாயி?”

கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குழம்புச் சோற்றில் அப்படியே ஊற்றி, நெடுநாள் பழகியவர் போலப் பிசைந்து சாப்பிட்டார். பிறகு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். அவள் குழம்பை இதுவரை யாரும் இரண்டாம் முறை கேட்டதே இல்லை. ரேவதி சட்டியையே தூக்கிவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

“நல்லா சாப்பிடுங்க பெரியவரே. இந்த வீட்டுல சிலருக்கு மனசு இல்லாட்டியும் குழம்பு நிறைய இருக்கு” என்று படுக்கையறைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

இலையை வழித்துவிட்டு எழுந்து கை கழுவிய துலுக்கானம், அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

“நல்லா இருக்கணும் நீ, முத்தம்மா.”

ரேவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முத்தம்மாள், செத்துப்போன அவள் அம்மாவின் பெயர். அவள் பிறந்த ஊரான ஆரணியை விட்டால் இந்தப் பக்கம் அந்தப் பெயரை அறிந்தவர் யாருமில்லை.

“அது எங்கம்மா பேரு. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அய்ய, உன் பேரு இல்லியா அது? பேக்டரி கேட்டாண்ட ஒரு சாரு, தெனம் டப்பாவ எங்கையில குட்துட்டு கேன்டீனுக்குப் பூடுவாரு. துன்னுட்டு கழுவித் தர்றது நான்தான, மூடில பேரு வெட்டிக்கீதே.”

ரேவதியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்:

“ஆனா இன்னிக்குத்தாம்மா இந்தக் கொழம்ப சூடா துன்றேன்.”