அவசரக்காரி

"போதும். அடுத்த ஆள்!"

டீம் லீடர் மேடம் கைக்கடிகாரத்தைத் தட்டினார். பாதிப் பேச்சில் வெட்டுப்பட்ட டிசைனர் பல்லைக் கடித்தாள்.

அந்த சாஃப்ட்வேர் குழுவின் எட்டுப் பேரும் தினமும் காலையில் வட்டமாக நின்று, அவரவர் வேலை எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டும். மொத்தமே பதினைந்து நிமிடம். அதற்குமேல் ஆனால் அடுத்த குழு வந்து கதவைத் தட்டும்.

"தும்மினாக்கூட ஒரு நொடிதான் தருவாங்க போல!"

"நாம என்ன மனுஷங்களா, மெஷினா?"

யாரையும் பேச விடுவதில்லை என்று மேலிடத்துக்குப் புகார் போனது. மேடத்தை வேறு மாடிக்கு மாற்றிவிட்டார்கள்.

புது லீடர் தங்கமான மனிதர். எல்லோரையும் ஆசைதீரப் பேசவிட்டார். அறையே கலகலத்தது.

வட்டத்தில் கடைசி ஆள் டெஸ்டர். செயலியில் பிழை கண்டுபிடிப்பவன். அவனுக்குப் பேச்சு திக்கும். ஒரு வாக்கியத்தை முடிக்கவே ஒரு நிமிடம் ஆகும்.

"ம... ம... மாத்திரை..."

கதவு தட்டப்பட்டது.

"பரவாயில்லப்பா, மெயில்ல எழுதிடு," என்றார் புது லீடர்.

எழுதினான். மறுநாளும் அதேதான். மூன்றாம் நாளும். அந்த மெயில்களை யாரும் திறக்கவில்லை.

மருந்து வேளையை நினைவூட்டும் அந்தச் செயலி வெளியான அன்றே, ஒரே மாத்திரைக்கு இரண்டு முறை மணியடித்தது. ஊரெல்லாம் திட்டு.

"இதை முன்னாடியே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேப்பா?" புது லீடர் அன்பாகத்தான் கேட்டார்.

சாயங்காலம் லிஃப்டில் பழைய மேடம் நின்றிருந்தார்.

"என்னப்பா, முகமே சரியில்ல? இப்பவும் முழுசாப் பேசி முடிக்கிறியா? உனக்குன்னு அஞ்சு நிமிஷமாவது மிச்சம் பிடிக்கிறாங்களா?"

அவனுக்குச் சுரீரென்றது. மேடம் இருந்தவரை ஒருநாள்கூட அவன் பேச்சு பாதியில் நின்றதில்லை.

"மே... மேடம்... நா... நா..."

லிஃப்ட் கீழே வந்துவிட்டது. மேடம் கதவை மூடவிடாமல் கையால் பிடித்துக்கொண்டார்.

"நிதானமா சொல்லு. நான் நிக்கிறேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

'நீயும் நம்ம ஆளுதானேடா' என்று தோளில் கைபோட்டு குழுவில் மற்றவர்கள் அவனைக் கேன்டீனுக்கு அழைத்துப்போனது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்குத்தான் அந்தப் புகாரில் அவன் முதல் கையெழுத்தைப் போட்டான்.