கழுதைக் காதுச் சிங்கம்

சுங்காலோவை மூட்டை கட்டச் சொல்லிவிடுவது என்று ஞேலே முடிவு செய்துவிட்டாள்.

ஞேலே எங்கள் பெண்கள் சங்கத்தின் தலைவி. அறுந்த ரப்பர் செருப்பு, எண்ணெய் கேன், சிமெண்டுப் பை, தக்காளி டப்பா, இப்படி வீசி எறிகிற சாமான்களை வைத்துப் பொம்மையும் முகமூடியும் செய்யக் கற்றுத்தர, தலைநகர் பமாக்கோவிலிருந்து சுங்காலோவை வரவழைத்தவளே அவள்தான். ஆற்றங்கரைத் திருவிழாவில் நாங்கள் செய்த பொம்மைகள் ஆட வேண்டும், நாங்களே பாட வேண்டும் என்பது ஏற்பாடு.

மனிதர் வேலையில் கெட்டிக்காரர். வாய்தான் சரியில்லை. அதுவும் தெனினைக் கண்டுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

தெனின்தான் எங்கள் ஊர்ப் பாட்டுக்காரி. மழைக்காலத்தில் அவள் புருஷனை ஆறு கொண்டுபோனதிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கூட உட்கார்ந்து அழுது பார்த்தோம், ஆறுதல் சொல்லிப் பார்த்தோம். வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டாமே என்று வகுப்புக்கு இழுத்து வந்தோம்.

முதல் நாள் வழக்கம்போல அவரவர் குலப்பேரைச் சொன்னோம். தெனின் வாய் திறக்கவில்லை. அவள் ஜாரா குலம் என்று ஞேலேதான் சொன்னாள். நடந்ததையும் மெல்லச் சொன்னாள். சுங்காலோ கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் தெனினையே பார்த்தார்.

"அப்ப என் அடிமைன்னு சொல்லுங்க. நான் திராவோரே."

எல்லோரும் சிரித்தோம். ஜாராவும் திராவோரேயும் கேலிமுறை. மாமன் மச்சான் கேலியெல்லாம் இதற்குக் கால் தூசி பெறாது. திராவோரே என்ன வைதாலும் ஜாரா கோபப்படக் கூடாது. துக்க வீட்டில்கூட அவன் வாயை யாரும் அடைக்க முடியாது.

ஆனால் எதற்கும் ஓர் அளவு உண்டே. தினமும் அவள் தலை தெரிந்ததும், பயறு தின்னி வந்தாச்சா என்பார். கேலிமுறையில் அதுதான் முதல் வசவு, அதை விட்டுவிடலாம். ஜாரா என்றால் சிங்கம். குலப்பேருக்கு ஏற்ற மாதிரி தெனின் ஒரு கேனை வெட்டிச் சிங்கத் தலை செய்துகொண்டிருந்தாள். செருப்பை நறுக்கி அதற்குக் காது வைப்பாள். சுங்காலோ அதைத் தூக்கி ஊருக்கே காட்டிக் கேலி செய்வார். அவள் பேசாமல் காதைப் பிய்த்துவிட்டு மறுபடி நறுக்குவாள். பார்க்க எங்களுக்கே பொறுக்காது.

ஒரு நாள் அவர் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"இவ ஆக்கிப் போட்ட பயறுக்குப் பயந்துதான் அந்த மனுஷன் ஆத்தோட போயிட்டாரு போல."

கத்தரிக்கோல் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. ஞேலே எழுந்தாள். அவரை அனுப்பிவிடும் முடிவு அந்த இடத்தில் எடுத்ததுதான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் சுங்காலோ சிங்கத்தைத் தூக்கிப் பிடித்தார். "இது சிங்கமாம். பாருங்க, கழுதைக் காது."

"உன் காதை அளவெடுத்துத்தான் வெட்டினேன், திராவோரே."

கட்டிப்போன குரல். யார் பேசியது என்று புரியவே எங்களுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. தெனின் தலை நிமிர்ந்திருந்தாள். பயறு தின்னி நீதான் என்று சேர்த்துக்கொண்டாள். சிரித்தாள். பாதியில் அது அழுகையானது, அழுது முடித்ததும் மறுபடி சிரிப்பானது. ஞேலே உட்கார்ந்துவிட்டாள். மூட்டைப் பேச்சை அதன்பிறகு அவள் எடுக்கவில்லை.

அப்புறம் அந்த வகுப்பில் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. அவர் ஒன்று சொன்னால் தெனின் இரண்டாகத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு நாள் செருப்பு நறுக்கிக்கொண்டே பாடவும் ஆரம்பித்தாள்.

திருவிழா அன்று சுங்காலோவின் அக்கா ஊரிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கினாள். ஞேலே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். உங்கள் தம்பிக்குக் கொஞ்சம் வாய் நீளம், ஆனாலும் ஒரு பெண்ணைப் பேசவைத்தது அந்தத் திராவோரே வாய்தான் என்று நடந்ததையெல்லாம் சொல்லி மெச்சினாள்.

அக்கா தண்ணீரைக் கீழே வைத்தாள்.

"திராவோரேயா? எங்க வீட்டுல ஏதும்மா திராவோரே? எங்கப்பா ஜாரா. நானும் ஜாரா, அவனும் ஜாரா."

ஞேலேயின் முகம் மாறிவிட்டது. அப்பன் குலப்பேரை மறைத்தவனோடு எங்கள் ஊரில் ஒரே தட்டில் கை வைக்க மாட்டோம். அது ஒரு பக்கம். ஜாராவுக்கு ஜாரா கேலிமுறை கிடையாது. முறை இல்லாதவன் அந்த வார்த்தைகளைச் சொன்னால் அதற்குப் பெயர் கேலி இல்லை. தெனினுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஆனால் ஜாரா என்று உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த மனிதரும் எங்களைப்போல அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கலாம், அவ்வளவுதான்.

அதற்குள் சிங்கத் தலையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெனினே வந்துவிட்டாள். புது ஆளைக் கண்டால் யாரும் முதலில் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள்.

"வாங்கக்கா. நான் ஜாரா. நீங்க என்ன குலம்?"

"திராவோரே," என்று ஞேலே முந்திக்கொண்டாள். "நம்ம சுங்காலோவோட கூடப்பிறந்தவங்க." சொல்லிக்கொண்டே அக்காவின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அக்கா ஞேலேயைப் பார்த்தாள். தூரத்தில் பொம்மையின் சாக்குக் கூண்டுக்குள் தலையை விட்டு ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள். பிறகு தெனினைப் பார்த்தாள். ஜாராவுக்குப் பிறந்த அந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஜாராவா? அதானே, பஸ்ஸை விட்டு எறங்கினதுமே பயறு வாடை தூக்குச்சு. ஏண்டி, இந்தக் கழுதைக்கா சிங்கம்னு பேரு வச்சிருக்க?"