குள்ளர் வீட்டுத் துளை

கல்யாணம் நிச்சயமானால், பெண்ணைக் குன்றின் மேலுள்ள குள்ளர் வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம். நான்கு பலகைக்கற்கள், மேலே ஒரு மூடுகல், முன்கல்லில் வட்டமாக ஒரு துளை. எந்தக் காலத்திலோ செத்தவர்களின் வீடு. அவர்களுக்குப் பெண்தான் தன் கையால் பொரிகடலை வைக்க வேண்டும். சிவரஞ்சனி பொட்டலத்தைத் துளைக்குள் வைத்தாள். பிறகு தலையை நுழைத்தாள். தோளை ஒடுக்கினாள். பட்டுப்பாவாடை கல்லில் கிழிய, முழுதாக உள்ளே போய்விட்டாள்.

"செத்தவங்க எடம்டி, வெளிய வா" என்று அம்மா கெஞ்சினாள். சிவரஞ்சனியைக் கட்டிக்கொள்ள இருந்த தாய்மாமன் மாதேஷ் கையை விட்டுத் துழாவினான். எட்டவில்லை. தலையை விட்டுப் பார்த்தான். தோள் இடித்தது.

"பெரிய மனுஷி ஆயிட்டேன்னுதானே பள்ளிக்கூடத்த நிறுத்துனீங்க" என்றது உள்ளிருந்து குரல். "பெரிய மனுஷி யாராவது இதுல நொழைஞ்சு வந்து என்னைக் கூப்புடுங்க."

அம்மா தன் தோளைத் தடவிக்கொண்டாள். கூட வந்திருந்த அத்தை துளையைப் பார்க்காமல் நின்றாள்.

"பசிச்சா தானா வருவா" என்று சொல்லி, மாமன் கல்லில் சாய்ந்து உட்கார்ந்தான்.

அவன் முதுகுக்குப் பின்னால், செத்தவர்களின் பொரிகடலையை யாரோ நிதானமாக மெல்லும் சத்தம் கேட்டது.