பக்கத்து நாற்காலி

டிவியில் கொக்குகள் அணியின் மேலாளர் குலுக்கல் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு உறையை எடுத்தார். பிரித்தார். முஷ்டியை உயர்த்தினார்.

கடையே இரண்டுபட்டது.

ஒகயாமா ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தைச்சியின் அடைக்கடை அது. பேஸ்பால் அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் நாளில் கொக்குகளின் ஆதரவாளர் சங்கம் மொத்தமும் அங்கே டிவி முன்னால் கூடிவிடும். மூன்று அணிகள் ஒரே பையனுக்காக மல்லுக்கு நின்றன. குலுக்கலில் அவன் இவர்களுக்கு விழுந்துவிட்டான்!

சங்கத் தலைவர் மோரிவாகி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொக்குகள் தோற்றாலும் அழுவார், ஜெயித்தாலும் அழுவார். அந்தத் தகுதிக்காகவே அவரைத் தலைவராக வைத்திருப்பதாக ஒரு கேலி உண்டு.

"தனிமோட்டோ! நம்மூர்ப் பையன், மட்டை பிடிக்கிறவன்! கியோமி, இந்தத் தடவை உன் பாச்சா பலிக்காது. எடு அந்தப் பாட்டை!"

கியோமி சிரித்து மழுப்பினாள். சங்கத்தில் டிரம்பெட் ஊதுகிறவள் அவள்தான்.

கொக்குகளில் மட்டை பிடிக்கும் ஒவ்வொருவனுக்கும் தனிப் பாட்டு உண்டு. அவன் ஆட இறங்கினால் கியோமி ஊதுவாள், முப்பதாயிரம் பேர் பாடுவார்கள். நடுவில் ஓரிடத்தில் பாட்டு நிற்கும். அந்த இடைவெளியில் அவன் பெயரைத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். பந்து வீசுகிறவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

அத்தனை பாட்டும் கியோமி போட்டவை. ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள்.

எப்போதோ ஒரு கோடையில் அசாஹி ஆற்றங்கரையில் அதை அவள் ஊதிப் பழகியபோது, சைக்கிளில் போன மோரிவாகியின் காதில் கொஞ்சம் விழுந்துவிட்டது. அன்று பிடித்தது சனி. வருஷா வருஷம் இந்த நாளில் கேட்பார். "ஆள் இன்னும் வரலை அண்ணே" என்பாள். கொக்குகள் பெரும்பாலும் பந்து வீசுகிறவனையே முதலில் எடுத்ததால் அவள் தப்பித்து வந்தாள். யாரோ பெரிய சூரனுக்காகக் காத்திருக்கிறாள் என்று மோரிவாகி நினைத்துக்கொண்டார்.

அந்தப் பாட்டை ஒரே ஒரு தடவை மைதானம் முழுக்கப் பாடக் கேட்டுவிட வேண்டும். கியோமிக்கு அதில் கொள்ளை ஆசை. ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று குறுக்கே நின்றது.

டிவியில் இப்போது பையனின் பள்ளிக்கூடம். நீள மேசை, வெள்ளைத் துணி, தலைமை ஆசிரியர். தனிமோட்டோவைக் கூட்டாளிகள் தூக்கிப்போட்டுப் பிடித்தார்கள். பையனுக்கு வாயெல்லாம் பல்.

கியோமி அவனைப் பார்க்கவில்லை. மேசையில் அவன் விட்டுப்போன இடத்துக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள்.

அங்கே இன்னொரு பையன். அவனும் அணிகளில் சேர விண்ணப்பம் போட்டவன்தான், இல்லாவிட்டால் அந்த மேசையில் இடம் கிடைக்காது. விறைப்பாக உட்கார்ந்து கைதட்டினான். தேவைக்கு மேல் வேகமாகத் தட்டினான். காமிரா நகர்ந்துவிட்டது.

கியோமி இன்னும் திரையின் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன யோசனை? இவனுக்கும் குடுக்க மாட்டியா? இனிமே வானத்துலேர்ந்துதான் ஆள் குதிக்கணும்!" என்றார் மோரிவாகி.

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

கியோமி கல்லின் பக்கம் திரும்பினாள். மேசை அகல இரும்புக் கல்லில், சிப்பி போட்ட முட்டைக்கோஸ் அடையைப் புரட்டிக்கொண்டிருந்தான் தைச்சி. இந்த நாளில் கடையில் கால் வைக்க இடமிருக்காது. ஆனால் அவன் மட்டும் டிவிக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பான். ஆட்டத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டான். இப்போதும் திரும்பவில்லை.

கையை மட்டும் உயர்த்தி, புகையை இழுக்கும் விசிறியை நிறுத்தினான்.

இரைச்சல் அடங்கியது. அடை பொரியும் சத்தம் மட்டும் கேட்டது.

கியோமி பெட்டியைத் திறந்து டிரம்பெட்டை எடுத்தாள். சின்னக் கடை என்பதால் மெல்லவே ஊதினாள்.

அடடா, என்ன பாட்டு அது! மோரிவாகி அழ ஆரம்பித்துவிட்டார். பாட்டு ஏறி, இன்னும் ஏறி, சட்டென்று நின்றது. பெயரைக் கத்த வேண்டிய இடம். புதுப் பாட்டு, யாருக்கும் இடம் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"தனிமோட்டோ!"

கல்லின் பக்கமிருந்து வந்தது அந்தக் குரல். முந்தவில்லை, பிந்தவில்லை.

மிச்சத்தை எப்படி ஊதி முடித்தாள் என்று கியோமிக்கே தெரியாது. மோரிவாகி தைச்சியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கையிலிருந்த பீர் கோப்பையை மேசைமேல் வைத்தார்.

"அடப்பாவி மனுஷி... ஆள் இங்கேயேதான் இருந்திருக்கான்."

தைச்சி கையைத் துடைத்துக்கொண்டு கல்லைவிட்டு வந்தான். டிவியில் அடுத்தடுத்த சுற்றுப் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அம்மா, பக்கத்து நாற்காலிப் பையன் பேரைக் கூப்பிட்டாங்களா?"

ஒரு தடவைகூடத் திரும்பாதவனுக்கு அந்தப் பையனை எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. பதினெட்டு வயதில், அதே பள்ளிக்கூடத்தில், அதே மேசையில், தன் பெயர் வராமலே கடைசிப் பெயர் வரைக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் அவன்.

"இன்னும் இல்லடா."

தைச்சி ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு, டிவியைப் பார்த்து உட்கார்ந்தான்.